“அவனா? எனக்குத் தெரியுமே!”: மாணவர்களை அறிவதில் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

வகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் உங்கள் மாணவர்களின் பெயர்களை, வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். முதலில் நன்றாகப் படிப்பவர்கள் வருவார்கள், கூடவே சேட்டைக்காரர்கள். அப்புறம் பேனா தயங்கும். அதற்குப் பிறகு யோசித்து யோசித்து எழுதுகிறீர்களே, அந்தப் பிள்ளைகளோடு நீங்கள் கடைசியாக எப்போது பேசினீர்கள்? சத்தம் போடாத பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்காது என்று விட்டுவிடுவது நம்மில் பலர் செய்யும் தவறு.

இன்னும் மோசமானது, முதல் நாளுக்கு முன்பே முடிவு கட்டிவிடுவது. “அவனா? போன வருஷம் என் வகுப்புதான், தேற மாட்டான்” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னால் போதும். “உன் அக்கா எப்படிப் படிப்பாள் தெரியுமா?” என்பதும் இதே ரகம். உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் செய்த சோதனையை 1968இல் வெளியிட்டார்கள். குலுக்கல் போல எடுத்த சில பெயர்களைக் காட்டி, “இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள்” என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள், குறிப்பாக 1, 2ஆம் வகுப்புகளில், நுண்ணறிவுத் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். விளைவு எவ்வளவு பெரிது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. ஆனால் ஆசிரியர் தன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது பிள்ளைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும்? கேள்வி கேட்டுவிட்டு நாம் காத்திருக்கும் நேரத்தை வைத்தே தெரியும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதிலும் நன்றாகப் படிப்பவர்களுக்குக் கூடுதல் நேரம், தடுமாறுபவர்களுக்குக் குறைவு! 3 நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள்.

சரி, தனித்தனியாகக் கவனிக்கிறேன் என்று “இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்” எனப் பிரிப்பவர்களும் உண்டு. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. என்னைக் கேட்டால், இது இன்னொரு முத்திரை, அவ்வளவுதான்.

அக்கறையே தவறாகிப்போகும் இடமும் ஒன்று உண்டு. இரண்டு நாள் வராத பெண்ணிடம் வகுப்பு நடுவே “வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்கிறோம். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். அவள் “ஒண்ணுமில்ல மிஸ்” என்பாள், வேறென்ன சொல்வாள்? நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி “நேத்து நீ இல்லையே, இந்தக் கணக்கை மதியம் சேர்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவளாகச் சொல்ல நினைத்தால் மதியம் சொல்வாள். சொன்னதை அடுத்த வாரம் மறந்துபோய் அதையே திரும்பக் கேட்டுவிடாதீர்கள். பிறகு அவள் சொல்ல மாட்டாள்.