சந்தைக் கழிவிலிருந்து எரிவாயு: வழங்கல் சங்கிலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவிலிருந்து வாகன எரிவாயு தயாரிப்பதை ஊக்குவிக்கும் ‘சதத்’ திட்டத்தை ஒன்றிய அரசு 2018-இல் தொடங்கிய பிறகு, காய்கறிக் கழிவிலிருந்து அதைத் தயாரிக்க முனையும் இளைஞர்கள் பலர் தங்கள் திட்ட வரைவுகளை என்னிடம் காட்டுகிறார்கள். நான் முன்பு செய்த பிழைகளே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. பிளாஸ்டிக்கைப் பிரிப்பது போன்ற, எவரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘குப்பைதானே, இலவசமாகக் கிடைக்கும்’

சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளிக்கிழங்குச் சக்கையான திப்பியைத் தீவனத்துக்காக ஏற்கெனவே விலை கொடுத்து வாங்குகிறார்கள். வேறு எவர் வாங்குகிறார் என்று விசாரிக்காமல் எந்தக் கழிவையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஸ்லரி வெளியேறும் வழியை மறப்பது

ஒரு டன் காய்கறிக் கழிவில் ஏறத்தாழ 900 கிலோ தண்ணீர். ஆலையின் மூடிய கலனில் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும்போது எரிவாயுவாகப் பிரிவது எடையில் 50, 60 கிலோ மட்டுமே. எஞ்சியதெல்லாம் ஸ்லரியாக, அதாவது நீர்த்த கூழாக, நிற்கும். ஆகவே நாளொன்றுக்கு 20 டன் வாங்கும் ஆலை, கிட்டத்தட்ட 19 டன்னை நாள்தோறும் வெளியே அனுப்பியாக வேண்டும்.

எங்கள் முதல் ஆலைக்காகச் சந்தை லாரிகளின் நேரம், தடம், வாடகை அனைத்தையும் நுணுக்கமாகக் கணக்கிட்ட நாங்கள், ஸ்லரியை அக்கம்பக்கத்து விவசாயிகள் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். உழவுக்கு முன்பு அவர்கள் விரும்பி எடுத்தார்கள். பயிர் நின்ற மாதங்களிலும், ஐப்பசி மழையில் வயலுக்குள் டேங்கர் இறங்க முடியாத நாள்களிலும் எவரும் கேட்கவில்லை. தொட்டி நிரம்பியதும் கழிவு வாங்குவதையே நிறுத்த நேர்ந்தது; சந்தை வியாபாரிகள் பழையபடி குப்பைமேட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள், அவர்களுடைய நம்பிக்கையை மீட்க எட்டு மாதங்கள் ஆயின. அதைவிட, திறந்த தொட்டியில் தேங்கிய ஸ்லரியிலிருந்து மீத்தேன் கசிந்துகொண்டிருந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. சூழலுக்காகத் தொடங்கிய ஆலையே அதைக் காற்றில் கலந்தது.

இப்போது எந்த வரைவைப் பார்த்தாலும், ஆலையைச் சுற்றி எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த மாதத்தில் எவ்வளவு ஸ்லரி ஏற்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். வயல்கள் ஏற்காத மாதங்களுக்கு ஈடுகொடுக்கும் மூடிய தொட்டி வேண்டும். ஸ்லரியைப் பிழிந்து திடப்பொருளை உரமாக உலர்த்தினால், டேங்கர் நடைகளும் குறையும்.

ஆண்டுச் சராசரியை நம்புவது

கழிவு நாள்தோறும் ஒரே அளவில் வராது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் பூசணியும் மலையாகக் குவியும். வாழை நாரோ மெதுவாகத்தான் செரிக்கும்.

கோழி எருவை மட்டும் கொட்டுவது

அம்மோனியா மிகுந்து நுண்ணுயிர்கள் முடங்கிவிடும்.