ஐரோப்பாவில் குடும்பத்தோடு உள்ளூர் உணவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமில் கொலோசியத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதியம் 3.30 மணிக்குப் பசியோடு வெளியே வரும் குடும்பத்துக்கு நல்ல சாப்பாடு கிடைப்பது அரிது. நம் ஊரில் எந்த நேரத்தில் பசித்தாலும் எங்கேயாவது ஓர் ஓட்டலில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அங்கே அப்படி இல்லை. இத்தாலியில் மதியச் சாப்பாடு ஏறக்குறைய 12.30 முதல் 2.30 வரை, இரவுச் சாப்பாட்டுக்கு 7.30 ஆக வேண்டும். பிரான்ஸில் 2 மணிக்கே பல சமையலறைகளை மூடிவிடுகிறார்கள். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு தொடங்குவதே 2 மணிக்குத்தான், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில், சுற்றுலாத் தலத்தை ஒட்டி, வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடைகள் திறந்திருக்கும். ஐந்தாறு மொழிகளில் மெனு, வெயிலில் சாயம்போன உணவுப் படங்கள். அழும் குழந்தையோடு அங்கே நுழைந்தவர்கள்தான் ஊர் திரும்பியதும் "இத்தாலிச் சாப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மியூசியத்தை அதைச் சுற்றி அமைப்பதே சரி. அன்றைய பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஸ்பெயினில் வார நாட்களின் மதியத்தில் 'மெனு தெல் தீயா' என்று ஒரு நிலையான விலைக்கு முதல் வகை, இரண்டாம் வகை, ரொட்டி, இனிப்பு எல்லாம் சேர்த்துத் தருவார்கள். பெரும்பாலும் குடிப்பதற்கும் ஏதாவது அதில் அடங்கிவிடும். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவது அதைத்தான். பிரான்ஸில் இதையே 'ஃபார்முல்' என்பார்கள். இரவில் தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் ஸ்பெயினில் இரவு 9 மணி என்றால் இந்திய நேரம் நள்ளிரவு 12.30. போய் இறங்கிய முதல் இரண்டு நாட்களில் எந்தக் குழந்தையும் அந்த நேரத்தில் விழித்திருந்து சாப்பிடாது.

குழுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தினமும் இரவில் இந்தியச் சாப்பாடு ஏற்பாடாகியிருக்கும். பாரிஸிலும் பனீர், வெனிஸிலும் பனீர். அவர்களுக்கு மிஞ்சுவது மதியம் ஒன்றுதான். அதையும் பர்கர் கடையில் தொலைப்பது வீண்.

எல்லாருக்கும் ஆளுக்கொரு முழுத் தட்டு வாங்குவதும் தேவையில்லாத பழக்கம். ரோமில் 'பிட்ஸா அல் தால்யோ' கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் நீளமான செவ்வகத் தட்டுகளில் பிட்ஸா வைத்திருப்பார்கள். எந்த வகை என்று காட்டினால் கடைக்காரர் கத்தியை அதன்மேல் வைத்து 'இவ்வளவா?' என்று கண்ணாலேயே கேட்பார். கத்தியை இடமோ வலமோ நகர்த்தச் சொல்லலாம். வெட்டி, எடை போட்டு, எடைக்குத்தான் காசு. நான்கு பேர் ஆறு வகையைச் சிறுசிறு துண்டாகச் சுவைக்கலாம். தக்காளிச் சாந்து இல்லாமல், மெல்லிய உருளைக்கிழங்குச் சீவலும் ரோஸ்மேரியும் போட்ட பிட்ஸாவைக் குழந்தைகள் மிச்சம் வைப்பதில்லை. நேப்பிள்ஸில் கதை வேறு. அங்கே பிட்ஸா வெட்டாமல் முழுதாக வரும், நடுப்பகுதி தளதளவென்று இருக்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து வருகிற அந்த ஊர்ப் பிட்ஸாவின் பக்குவமே அதுதான்.

சைவக் குடும்பங்கள் சறுக்கும் இடம் பெரியது. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் துண்டு துண்டாக இறைச்சி வராது, அவ்வளவுதான். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலை மரபாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிரெஞ்சு வெங்காய சூப்புக்கு அடிப்படை பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. இத்தாலியின் ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாட்டையும் கோழிச் சாற்றில் வேகவைப்பது சாதாரணம். அதே நாட்டின் ரொமாஞ்ஞா பகுதியின் பியாதினா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேரும். ஸ்பெயினில் 'வெஜிடல்' என்று எழுதியிருக்கும் சாண்ட்விச்சில் சூரை மீனும் முட்டையும் இருப்பது வழக்கம். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, கீரையும் தக்காளியும் இருப்பதால் வைத்த பெயர். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்க வேண்டும் என்பது அதன் விதி. அது சேரும் பெஸ்டோ என்ற இலைச் சாந்தும் சைவமா என்ற கேள்வி வரும். எவ்வளவு தூரம் கடைப்பிடிப்பது என்பதைக் குடும்பத்துக்குள் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். உணவக மேசையில் பாட்டியும் பேரனும் வாதிடக் கூடாது.

கடையில் கேட்கும்போது மீன், இறைச்சிச் சாறு, கொழுப்பு என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் இலங்கைத் தமிழர்கள் பலர் உணவகச் சமையலறைகளில் வேலை செய்கிறார்கள்; சமையல்காரரிடமே தமிழில் கேட்கும் யோகம் அங்கே வாய்த்தாலும் வாய்க்கும். கவலையில்லாமல் வாங்கக்கூடியவையும் நிறைய இருக்கின்றன. மரினாரா பிட்ஸாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும், பாலாடைக்கட்டியே கிடையாது. ஆல்யோ ஏ ஓலியோ பாஸ்தாவில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும், பெரும்பாலும் மிளகாயும். ஸ்பெயினில் பாட்ரோன் மிளகாய் வறுவலைத் தவறவிடாதீர்கள்: தட்டு நிறையச் சாதுவான பச்சை மிளகாய், நடுவே ஓரிரண்டு மட்டும் சுள்ளென்று காரம். எது என்று கடித்தால்தான் தெரியும்.

குழந்தைகள் விஷயத்தில் மதுவையும் கவனியுங்கள். சுவிஸ் ஃபாண்டூ வெறும் உருகிய பாலாடைக்கட்டி இல்லை. வெள்ளை ஒயின் ஊற்றித்தான் அதைக் கிளறுகிறார்கள், பல இடங்களில் கிர்ஷ் என்ற சாராயமும் சேரும். திராமிசு என்ற இத்தாலிய இனிப்பில் காப்பியோடு ரம் அல்லது மர்சாலா ஒயின் இருக்கலாம், முட்டையும் பெரும்பாலும் பச்சை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வசதி: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், வேர்க்கடலை, எள், பால், முட்டை உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய விவரத்தை உணவகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். மெனுவில் எண்ணோ எழுத்தோ போட்டிருப்பார்கள். இல்லையென்றால் கூச்சப்படாமல் பட்டியலைக் கேளுங்கள்.

பில் வந்த பிறகு சண்டை போடுவதைவிட முன்பே மெனுவின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படிப்பது மேல். இத்தாலியில் 'கோபெர்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ப்பது ஏமாற்று வேலை இல்லை, வழக்கமான மேசைக் கட்டணம். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. மீனுக்கு எதிரே இருக்கும் விலை பல இடங்களில் 100 கிராமுக்கானது. மீனை எடை போட்டுக் காட்டி, மொத்தத் தொகையைச் சொன்ன பிறகே சமைக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்காகப் பணத்தை இறைக்க வேண்டாம். பிரான்ஸில் குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை கேட்டால் இலவசம், ரோமில் 'நசோனே' எனப்படும் தெருக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வெனிஸில் புனித மார்க் சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் அபராதம்.

ஊரிலிருந்து பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போவதில் தவறில்லை. ஆனால் நெய், பால்கோவா, பனீர் போன்றவற்றையும் இறைச்சிப் பொருட்களையும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பழங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. தேங்காய் போகலாம், கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை.

கடைசியாக, சிறுவர் மெனு. மாட்ரிட் ஆனாலும் மியூனிக் ஆனாலும் அதில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் மறுபடி மறுபடி வரும். அதைத் தள்ளிவிட்டு, பெரியவர்கள் சாப்பிடுவதிலேயே பாதி அளவு தர முடியுமா என்று கேளுங்கள். இத்தாலியில் 'மெட்ஸா போர்ட்சியோனே' என்றால் போதும், பாஸ்தாவைப் பல கடைகளில் மறுக்காமல் பாதித் தட்டாகத் தருவார்கள்.