அசதயோப்ரின் ஒத்துக்கொள்ளாதபோது

உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்குப் பெரும்பாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோப்ரினுமே முதலில் தரப்படுகின்றன. வேறு மருந்தைக் கேட்பதற்கு முன், இவை உங்கள் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, ஒத்துக்கொண்டும் நோய் அடங்கவில்லையா என்பதை மருத்துவருடன் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாத்திரைகளை இடையில் விட்டிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையில்லாமல் வீரியமான மருந்துக்கு மாற நேரிடும்.

அசதயோப்ரினால் குமட்டல் மட்டுமே தொல்லை எனில் மெர்காப்டோபியூரினை முயன்று பார்ப்பதுண்டு. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் அது உதவாது. இரண்டும் உடலில் ஒரே வழியில் செயல்படுபவை. அந்நிலையில் மைக்கோஃபினோலேட்டை நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை இரு வேளையாகப் பிரித்துத் தருவார்கள். அசதயோப்ரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நன்றாகவே பலனளிக்கிறது. அசதயோப்ரினுக்கு அடங்காத நோயில் பலன் குறைவு. கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெற எண்ணும் பெண்கள் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவர் மேற்பார்வையில் இதை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

முகம் உப்புதல், சர்க்கரை ஏறுதல் போன்ற ஸ்டீராய்டு தொல்லைகளே சிக்கல் எனில், பெருமளவு கல்லீரலிலேயே சிதைந்துவிடும் பியூடசோனைடு என்ற மற்றொரு ஸ்டீராய்டு பற்றிக் கேளுங்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலை) உள்ளவர்களுக்கு இது கூடாது.

நோய் அடங்காதவர்களுக்கு டாக்ரோலிமஸ் ஒரு வழி. இரத்தத்தில் அதன் அளவை அறியும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் ஆய்வகத்துக்குச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். முதலிலேயே விழுங்கினால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். பம்பளிமாஸ் பழத்தைத் தவிருங்கள். கை நடுக்கம் வந்தால் தெரிவியுங்கள்; சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இதற்கும் அடங்காவிட்டால், ஹெபடைடிஸ் பி இல்லையென உறுதிசெய்த பிறகு, சிறப்பு மையங்களில் ரிட்டுக்சிமாப் தரப்படுகிறது.

மாற்று மருந்து என்றதும் சீந்தில் கொடியை நாடுவோர் ஒன்றை அறிய வேண்டும்: கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலுக்காக அதைக் குடித்த சிலருக்கு இதே வகைக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கவே மாத்திரை உட்கொள்பவர் அதைத் தூண்டும் கஷாயத்தையும் குடிப்பது முரண். எந்த மருந்துக்கு மாறினாலும், ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாமல் மருத்துவர் எழுதித்தரும் அளவுப்படி படிப்படியாகவே குறையுங்கள்.