பொற்கொல்லன் வேஷம் கட்டுபவருக்கு

ஊர்த் திருவிழாவுக்குக் கோவலன் நாடகம் போடும்போது கண்ணகிக்கு ஆள் தேடியே மாதம் ஓடிவிடும், பொற்கொல்லனுக்கு மட்டும் கடைசி வாரத்தில் சத்தமாகக் கத்துகிற யாரையாவது பிடித்துப் பெரிய மீசையை ஒட்டிவிடுவார்கள். நாடகம் கெடுவது அங்கேதான். பூம்புகார்ப் பக்கத்து ஜனங்களுக்குக் கோவலன் நம்ம ஊர்ப் பிள்ளை, பிழைக்க மதுரை போனவன். ஏமாற்றுகிறவன் வரும்போதே வில்லனாகத் தெரிந்தால், "இவனையா நம்பினான்?" என்று கோபம் கோவலன் மேல் திரும்பிவிடும்.

முதலில் சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ணும் பகுதியான கொலைக்களக் காதையை நிதானமாகப் படியுங்கள். சட்டை போட்டு, கையில் குறட்டோடு, நூறு கொல்லர் பின்னால் வர நடக்கிற பெரிய மனிதன் பொற்கொல்லன். ஆனால் கோவலன் சிலம்புக்கு விலை கேட்டதும் "அடியேன் அறியேன்" என்றுதான் ஆரம்பிக்கிறான். அந்தப் பணிவை மனசாரச் சொல்லுங்கள், நடிப்பு என்று துளியும் காட்டாதீர்கள். சிலம்பைக் கையில் வாங்கியதும் பேச்சை நிறுத்துங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன், பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றும் நொடி அது, மைக்கில் ஒரு சத்தமும் வேண்டாம்.

அரண்மனைக் காட்சியில் வேகம் வேண்டும். ஊடலில் இருக்கும் தேவியைச் சமாதானம் செய்யப் போகிற பாண்டியனை வாசலிலேயே மடக்குகிறான். திருடன் என் குடிலில் இருக்கிறான் என்று மட்டும்தான் சொல்கிறான், கொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை. "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்பது அரசன் வாயிலிருந்து தானாக வருகிறது.

ஒத்திகையில் பாதி நேரத்தைக் காவலர் காட்சிக்குக் கொடுங்கள். "கொலைப்படு மகன் அலன்", கொல்லப்பட வேண்டிய ஆள் இவன் இல்லை என்று அவர்கள் தயங்குகிறார்கள். பொற்கொல்லன் அகநகைத்துப் பேசினான் என்கிறது பாட்டு, அதாவது சிரிப்பு உள்ளுக்குள்ளேதான், ஹா ஹா கிடையாது. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குக் கைகொடுக்கும் எட்டையும் வாத்தியார் மாதிரி விரல்விட்டு எண்ணுங்கள். அப்புறம் இளவரசன் மார்பிலிருந்த ஆரத்தையே பறித்த திருடன் கதை. கோவலன் மேல் ஒரு சாட்சிகூடக் காட்டவில்லை, கதை சொல்லிச் சொல்லியே பயமுறுத்துகிறான், அதனால் ஒவ்வொரு கதைக்கும் குரலை இன்னும் தணியுங்கள்.

ஒரு விஷயம், பத்தர் தொழிலை, அதாவது நகை செய்கிற தொழிலை, கிண்டலடிக்கும் வசனம் எதையும் சேர்க்காதீர்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

குடிகாரக் காவலன் ஒருவன் வாளை வீசும்போது கோவலனைப் பார்க்காதீர்கள். உங்கள் கண் சிலம்பின் மேல் இருக்கட்டும்.