ஊருக்குப் போய் அம்மாவுக்கு டிஷ்வாஷர் வாங்கும்முன்

இந்த முறை தாயகம் போனால் வீட்டுக்கு ஒரு டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு நம்மில் பலர் விமானம் ஏறுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் திரும்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் மெஷின் வீட்டுக்கு வந்தது. பொருத்த வந்தவர் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி வேகம் பத்தாதுங்க" என்றார். அதற்கொரு பம்ப் தேடிப் போட்டு முடிப்பதற்குள் நான் கிளம்பும் நாள் வந்துவிட்டது. கூடவே இருந்து ஓட்டிக் காட்ட முடியவில்லை. அடுத்த வருடம் நான் போகும்வரை அம்மா கையால்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

அதனால் முதலில் ஒன்று சொல்கிறேன்: போன முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். மிச்ச நாளெல்லாம் அம்மாவும் நீங்களும் சேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்து அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வட அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. தாயகத்தில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய மெஷினுக்கு மின்சாரம் ஒத்துப்போகும். ஆனால் பழுதானால் உதிரிபாகம் கிடைக்குமா, யார் வந்து பார்ப்பார்கள் என்பதே கேள்வி.

எந்த மாடல் என்று பார்க்கும்முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். குழாயடியில் வெள்ளைப் படிவம் இருக்கிறதா? காய்ந்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்கிறதா? அப்படியென்றால் அது கடினநீர், கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. கடினத்தன்மையை அளக்கும் சோதனைத் தாள் சிலவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

கடினநீர் வரும் வீட்டுக்கு, மென்னீராக்கி (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் பகுதி) உள்ளேயே பொருத்திய மெஷின்தான் வேண்டும். அதில் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்ததைக் கழுவி வெளியேற்றத்தான் உப்பு. எவ்வளவு கடினத்தன்மைவரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஷ்வாஷருக்கென்றே விற்கும் கல் உப்பை மட்டும் போடுங்கள். சமையல் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பவை மென்னீராக்கியைக் கெடுத்துவிடும். உப்பு நிரப்பிய கையோடு ஒருமுறை ஓட்டிவிடுங்கள்; சிந்திய உப்புநீர் அடியில் தேங்கினால் உலோகத்தை அரிக்கும்.

அடுத்தது தண்ணீரின் அழுத்தம். மாடித் தொட்டி குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் 3 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கின்றன. எங்கள் வீட்டில் இடித்தது இதுதான். குறைந்தால் மெஷின் நிரம்பாமல் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். சிறிய பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகிவிடும், ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மின்சாரத்தில் பெரிய சிக்கல் இல்லை. தண்ணீரைச் சூடாக்கும்போது 2,000 வாட்டுக்கு மேலும் இழுக்கும் என்பதால் 15 அல்லது 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் தேவை. எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள். ஓடும்போது மின்சாரம் போனால் பெரும்பாலான மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவுக்கு வருவோம். முழு மெஷின் 60 செ.மீ. அகலம், ஒல்லியானது 45 செ.மீ. இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சின்னது போதும் என்று தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் இடத்தை அடைப்பது தட்டு இல்லை, அடி ஆழமான பாத்திரங்கள்தான். வீட்டிலேயே பெரிய பாத்திரத்தின் உயரத்தையும் வாயகலத்தையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் அந்தப் பாத்திரத்தையே எடுத்துப் போய்க் கீழ்த்தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். மேல்தட்டை உயர்த்த முடிகிறதா, கம்பிகள் மடங்குகின்றனவா, தண்ணீரைத் தெளிக்கும் சுழல் கை எதிலும் முட்டாமல் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. அலுமினியம் கறுத்துவிடும், அலுமினிய குக்கரும் அப்படித்தான். இரும்புச் சட்டி துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு பளபளப்பு இழக்கும். மரக் கரண்டி வெடிக்கும். இவை கையால்தான். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கானை நம்பி உள்ளே வைக்கலாம்.

அப்புறம், சிக்கன முறை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பழுது என்று பயந்துவிடுவார்கள். குறைந்த சூட்டில் மெதுவாகக் கழுவுவதால்தான் அந்த நேரம், அதனால்தான் மின்சாரமும் மிச்சம் என்று எடுத்துச் சொல்லுங்கள். தண்ணீர் வீணாகுமோ என்ற கவலையும் வரும். ஒரு முறைக்குச் சுமார் 10 லிட்டர்தான் பிடிக்கும். அம்மாவுக்கு அதை நம்பவைக்க, கழிவுநீர்க் குழாயை ஒருநாள் வாளியில் விட்டுக் காட்டினேன். வாளி நிரம்பவில்லை. அதற்குப் பிறகு அவரே இரவில் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் கிளம்பும்முன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவதை அவர் கையாலேயே இரண்டு முறை செய்யவையுங்கள். உப்பு தீர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கதவோரம் ஒட்டுங்கள். அவர்கள் சில மாதம் உங்களிடம் வந்து தங்குவதானால் தண்ணீர்க் குழாயை அடைத்து, பிளக்கைக் கழற்றி, மெஷின் கதவை விரலளவு திறந்து வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மூடியே கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.