கேபிளைத் தொட்டால் நகர்ந்த காயில்

1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்கு ஏற்ற சின்ன ரிசீவ் காயில் (உடம்பிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனா வளையம்) ஒன்றை மதுரை திருநகர் வீட்டு மாடியில் செய்து பார்த்தேன். 10 செ.மீ. விட்டச் செம்புப் பட்டை வளையம், ஓரிடத்தில் வெட்டி 25 பிகோஃபாரட் கெபாசிட்டர். அந்தக் காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் சிக்னல் தரும் அதிர்வெண் சுமார் 63.9 மெகாஹெர்ட்ஸ்; காயிலும் அதற்கே ட்யூன் ஆக வேண்டும். வெறும் வளையத்தின் ட்யூனிங் அங்கே அழகாக நின்றது. உடம்புக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்ததும் அந்த அதிர்வெண் சட்டென்று கீழே இறங்கிவிட்டது.

ஒரே கெபாசிட்டரில் முழு மின்னழுத்தமும் குவிகிறது; அங்கே கிளம்பும் மின்புலம் தண்ணீருக்குள் போய் அதையும் சுற்றில் சேர்த்துவிடுகிறது. வளையத்தை நாலு இடத்தில் வெட்டி, ஒவ்வொன்றிலும் 100 பிகோஃபாரட் வைத்தேன். தொடராகச் சேர்ந்தால் அதே 25தான். நகர்வு நன்றாகக் குறைந்தது. (நிக்கல் பூசிய கெபாசிட்டர் வேண்டாம். வாங்கும்போதே காந்தத்தைக் காட்டிப் பாருங்கள்.)

சரி, முடிந்தது என்று நினைத்தேன். காயிலை அனலைசரோடு (ட்யூன் ஆன அதிர்வெண்ணைத் திரையில் ஒரு பள்ளமாகக் காட்டும் கருவி) இணைக்கும் கேபிளைக் கையால் பிடித்தால் அந்தப் பள்ளம் மறுபடி நகர்ந்தது! இரண்டு நாள் சால்டரிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். உண்மையில் கேபிளின் உலோக உறையின் (ஷீல்டு) வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. காயிலுக்குப் பக்கத்திலேயே கேபிளைச் சில சுற்று சுற்றி, சுற்றின் இரு முனைகளிலும் மேல் பிளாஸ்டிக்கை உரித்து, உலோக உறையின் அந்த இரு இடங்களுக்கு இடையே கெபாசிட்டர் வைத்து 63.9க்கே ட்யூன் செய்தேன். அது அந்த மின்னோட்டத்தைத் தடுத்தது. அப்புறம் எப்படிப் பிடித்தாலும் பள்ளம் அசையவில்லை.

இதை ஆள் மேல் வைக்கவே கூடாது. ஸ்கேனர் அலை அனுப்பும்போது காயிலின் ட்யூனிங்கைக் கலைத்துவைக்கும் டையோடு சுற்று இல்லையென்றால் தோல் வெந்துவிடக்கூடும். என் காயிலில் அந்தச் சுற்று இன்னும் இல்லை.