கெட்டில்பெல், பளுதூக்குதல்: பலம் இருந்தும் கோட்டை விடுகிற இடங்கள்

இரண்டுமே எடை தூக்குவதுதானே, ஒன்றில் தேறியவர் இன்னொன்றிலும் தேறிவிடுவார் என்ற நினைப்போடு போட்டிக்குப் பெயர் கொடுப்பதுதான் முதல் தவறு. பளுதூக்குதலில் ஸ்நாட்ச்சுக்கு (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) மூன்று என்று மொத்தம் ஆறே முயற்சிகள், ஒவ்வொன்றும் சில நொடிகளில் முடிந்துவிடும். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லின் பழைய, வழக்கமான பிரிவுகளில் பத்து நிமிடம் விடாமல் தூக்க வேண்டும். நடுவில் குண்டைக் கீழே வைத்தால் அத்தோடு சரி, அதுவரை நடுவர் எண்ணியதுதான் உங்கள் கணக்கு.

அதனால் கெட்டில்பெல்லில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எடை இல்லை, ஆரம்ப வேகம். பயிற்சியில் நிமிடத்துக்கு 14 தடவை நிதானமாகப் போகிறவர், போட்டியன்று பக்கத்து மேடையில் ஒருவர் பறப்பதைப் பார்த்து 20-க்குத் தாவுவார், நான்காவது நிமிடத்தில் மூச்சு வாங்கும், ஆறாவதில் குண்டு தரையில் இருக்கும். ஒற்றைக் கையால் வீசித் தலைக்கு மேல் தூக்கும் கெட்டில்பெல் ஸ்நாட்ச்சில் இது இன்னும் மோசம். கை மாற்ற ஒரே ஒரு தடவைதான் அனுமதி என்பதால், வலது கை மூன்றாவது நிமிடத்திலேயே சோர்ந்துவிட்டால் மீதி ஏழு நிமிடத்தையும் இடது கைதான் இழுக்க வேண்டும். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரே சீரான வேகத்தில் பழகாதவர்களுக்கு இது மேடையில்தான் உறைக்கும்.

அப்புறம், கைப்பிடியை நசுக்கிப் பிடிப்பது. பளுதூக்குதலின் நீளக் கம்பியான பார்பெல்லில் இறுக்கிப் பிடித்துப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும், முன்கை கல்லாக இறுகிவிடும். விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்து, தேவைப்படும் நொடியில் மட்டும் பிடித்தால் போதும். மார்பிலிருந்து குண்டைத் தலைக்கு மேல் தள்ளும் ஜெர்க்கில் ஓய்வு எடுப்பது ரேக் நிலையில், அதாவது குண்டை மார்போடு சாய்த்துப் பிடித்திருக்கும்போது: முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடையைக் கால்களுக்கு இறக்கிவிட வேண்டும். தோளாலும் கையாலும் தாங்கிக்கொண்டு நின்றால் அது ஓய்வே இல்லை. ஸ்நாட்ச்சில் அந்த ஓய்வு தலைக்கு மேலே, கை முழுதாக நீண்ட நிலையில். அங்கே ஒரு கணம் அசையாமல் நின்றால்தான் நடுவர் எண்ணுவார். அவசரமாக இறக்கினால் அந்தத் தடவை தூக்கியது கணக்கில் வராமல் போனது, செலவழித்த சக்தியும் போனது.

போட்டிக் குண்டுகள் 16 கிலோ ஆனாலும் 32 கிலோ ஆனாலும் வெளியளவு ஒன்றுதான். எடைக்கு எடை அளவு மாறுகிற வார்ப்பிரும்புக் குண்டில் மட்டுமே பழகிவிட்டுப் போனால், குண்டு முன்கையில் உட்காரும் இடமே புதிதாக இருக்கும்.

பளுதூக்குதலில் பெரிய தவறு தொடக்க எடையில். முதல் முயற்சியில் தோற்றால் அதே எடையைத் திரும்ப எடுக்கலாம் அல்லது கூட்டலாம், குறைக்க மட்டும் முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஏற்கெனவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்த சீனாவின் ஷி ஜியோங் ஸ்நாட்ச்சில் 165 கிலோ தூக்கிவிட்டு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 191 கிலோவை மூன்று முறையும் தவறவிட்டார். இரண்டையும் கூட்டுகிற மொத்தக் கணக்கே இல்லாமல் போயிற்று. டோக்கியோவில் 198 தூக்கியவர் அவர்! என்றைக்கோ தூக்கிய உச்ச எடையை வைத்து இன்றைய தொடக்கத்தை முடிவு செய்யாதீர்கள். பயிற்சியில் மோசமான நாளிலும் தவறாத எடை எதுவோ அதில் ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, மேலே போன பிறகு மடங்கிய முழங்கையைத் தள்ளி நிமிர்த்துவது. தூக்கியாச்சு என்று நீங்கள் சிரிப்பீர்கள், செல்லாது என்று நடுவரின் சிவப்பு விளக்கு எரியும். பெரும்பாலும் இதன் வேர் கீழேயே இருக்கிறது: கால்களும் இடுப்பும் முழுதாக நிமிரும் முன்பே கையால் இழுக்க ஆரம்பித்தால் பார் போதிய உயரம் வராது, அடியில் போய் நிற்கவும் நேரம் இருக்காது. நடுவரின் சைகைக்கு முன்பே பாரைக் கீழே விடுவதும் இதே வகை நஷ்டம், ஆனால் அதற்குப் பயிற்சியிலேயே மேலே பிடித்து நிற்கும் பழக்கம் இருந்தால் போதும்.

மேடைக்கு முன் உடலைத் தயார்படுத்தும் வார்ம்-அப் அறையில் நடக்கிற தவறை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துத் தயாரானால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் எடை ஏறுகிற வரிசையில்தான் பெயர் கூப்பிடுவார்கள், மற்றவர்கள் எடையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு முன்னால் இன்னும் எத்தனை முயற்சிகள் பாக்கி என்று எண்ண உங்களோடு ஒருவரை அழைத்துப் போங்கள். பெயர் கூப்பிட்டபின் உங்களுக்கு இருப்பது ஒரு நிமிடம், உங்கள் முயற்சிக்குப் பின் மறுபடி நீங்களே வர வேண்டியிருந்தால் இரண்டு.